பட்டினம் ஆகாத பெருந்துறை



துறை என்பது வேறு. பட்டினம் என்பது வேறு. கலம் வந்து அணைவதற்கு இயற்கை அமைத்துத் தந்த இடம் துறை. அத்துறையைச் சார்ந்து மாந்தர் தம் உழைப்பாலும் வாணிகத்தாலும் ஆக்கிக்கொண்ட ஊர் பட்டினம். பழந்தமிழகத்தின் பெருந்துறைகள் பெரும்பாலும் ஆற்றுவாயில் அமைந்தவை. புகார் என்னும் பெயரே ஆறு கடலிற் புகும் இடத்தைக் குறிப்பது. பொருநை தந்தது கொற்கை. பேரியாறு தந்தது முசிறி. ஆறு தந்ததை ஆறே திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. வெள்ளம் சுமந்து வந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்க, கலங்கள் அகன்றன, பட்டினம் சிற்றூராயிற்று. கொற்கை இன்று கடலைக் காணாத ஊர்.

இவ்வவை கூடியிருக்கும் மயிலையின் கடற்கரையோ இவ்வகையிலும் சேராதது. இங்குக் கலம் ஒதுங்கக் குடாவும் இல்லை. ஆழமான ஆற்றுவாயும் இல்லை. அடையாற்றின் முகம் கோடையில் மணலால் அடைபடுவதை அப்பகுதியில் வாழ்வோர் அறிவர். நேர்க்கோடு கிழித்தாற்போன்ற கரையில் அலை இடைவிடாது மோதுகிறது. அக்கரையில்தான் இத்துணைப் பெரிய நகரம் எழுந்தது. மாறாக, இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில், ஈழத்தின் கீழ்க்கரையில், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என மாலுமிகள் அனைவரும் ஒப்பும் துறை ஒன்று இருக்கிறது. அங்கே பெருநகரம் எழவில்லை. திருகோணமலையே அவ்வூர். துறையற்ற கரையில் நகரம் எழுந்ததும், துறையுள்ள கரையில் எழாததும் தனித்தனிக் கதைகள் அல்ல. ஒன்றை மற்றொன்று தீர்மானித்த கதைகள் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் நில அமைப்பு. கொட்டியாரக் குடா என்னும் அகன்ற வளைவு கிழக்கு நோக்கி வங்கக் கடலுக்கு வாய் திறந்திருக்கிறது. அதன் தென்கரையில் மூதூர். வடகரையில் குன்றுத் தொடர். அத்தொடரின் இடையே ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு வாயில். அதனுள் நுழைந்தால் காட்சி மாறிவிடுகிறது. ஆயிரத்து அறுநூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், மலைகளால் சூழப்பட்டு, சிறுசிறு தீவுகள் இடையிடையே நிற்க, ஏரி போல் அமைதியாய்க் கிடக்கிறது உட்துறை. வடகீழ்ப் பருவக்காற்றும் தென்மேல் பருவக்காற்றும் உள்ளே சீறுவதில்லை. அலையேற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கும் அளவுக்கு ஆழம் உண்டு.

இத்துறை தூர்ந்து போகாமைக்கும் காரணம் இருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி வந்து, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. கொற்கைக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்திருக்க வேண்டும். ஆனால் குடாவின் அடியிலேயே கடலடிப் பெரும்பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, கிழக்கே செல்லச் செல்ல மூவாயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்குகிறது. மகாவலி கொணரும் மணலில் பெரும்பகுதி அப்பள்ளத்தில் வீழ்ந்து மறைகிறது. கரைக்கு இத்துணை அருகே இத்துணை ஆழம் இருப்பதனாலேயே நீலத் திமிங்கிலங்கள் அக்கடலில் கரையோரமாக வந்து உலவுகின்றன. தூராத துறை என்று ஒன்று உண்டெனின் அது இதுவே.

ஊர் அமைந்திருப்பது உட்துறைக்கும் வெளிக்கடலுக்கும் இடையே கிடக்கும் குறுகிய நிலத்தில். ஒரு தெருவின் மேல்முனையில் நின்றால் அசையாத நீர். கீழ்முனையில் நின்றால் ஆர்ப்பரிக்கும் கடல். அக்கீழ்க்கடலுக்குள் நீண்டு, முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது கோணமாமலை. சுவாமிமலை என்றும் அதனை வழங்குவர். மூன்று கோணங்களை உடையது ஆதலின் திரிகோணமலை ஆயிற்று என்று கூறும் வழக்கம் ஒன்று உண்டு. திருவும் கோணமலையும் சேர்ந்ததே பெயர் என்பதற்குப் பதிகமும் கல்வெட்டும் சான்றாக நிற்கையில் அவ்விளக்கம் வேண்டுவதன்று.

ஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அவர் இராமேச்சுரத்தில் இருந்தவாறே ஈழத்துத் தலங்களைப் பாடியதாகச் சேக்கிழார் கூறுவர். நேரில் காணாது பாடியதாயினும் பதிகத்தில் உள்ள இடக்காட்சி வியப்பளிப்பது. சந்தனமும் அகிலும் மணியும் வாரிக்கொண்டு ஒலிக்கும் கடல் முத்தைக் கொழித்து ஒதுக்குகிறது. கோயிலையும் சுனையையும் கடல் வளைத்து நிற்கிறது. குடிகள் நெருங்கிப் பெருகி வாழும் ஊராகவும் அது தோன்றுகிறது. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். பதிகத்தில் நிற்பது ஆர்ப்பரிக்கும் கீழ்க்கடல்; பின்புறம் கிடக்கும் அமைதியான உட்துறை அங்கே இடம் பெறவில்லை. பாட்டுக்கு வேண்டியது மலையும் அலையும். பிற்காலத்தில் பீரங்கியோடு வந்தவர்களுக்கு வேண்டியதோ அலையற்ற நீர். ஒரே ஊரை இருவேறு பக்கங்களிலிருந்து நோக்கியவர்களின் வரலாறு என்றே திருகோணமலையின் வரலாற்றைச் சொல்லலாம்.

பதிகம் சுட்டும் குடிப்பெருக்கத்தைக் கல்வெட்டுகளும் உறுதிசெய்கின்றன. சோழர் காலத்ததாகக் கருதப்படும் நிலாவெளிக் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு இருநூற்றைம்பது வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அருகிலுள்ள பெரியகுளத்தில் இருந்த பௌத்தப் பள்ளி, இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரைப் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளில் தமிழர் அளித்த கொடைகளைப் பதிந்து வைத்திருக்கிறது. சைவமும் தமிழ்ப் பௌத்தமும் அடுத்தடுத்து வாழ்ந்த வட்டாரம் அது. கந்தளாய்க் குளத்து நீர் வயல்களை விளைத்தது. பொலன்னறுவையில் சோழர் ஆட்சி நிலவிய 11ஆம் நூற்றாண்டில் அத்தலைநகருக்குக் கிழக்குக் கடல்வாயிலாக இக்கரை விளங்கியிருத்தல் இயல்பு. குளக்கோட்டன் திருப்பணி செய்த வரலாற்றையும், கோயில் தொழும்பாளர்க்கு வகுக்கப்பட்ட கடமைகளையும் உரிமைகளையும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விரித்துரைக்கிறது. அது பாட்டும் உரைநடையும் கலந்த நூல், கல்லில் வெட்டப்பட்டதன்று. வரலாற்றாசிரியர் அதனை எச்சரிக்கையோடு கையாளுவர். எனினும் கோயிலை நடுவாக வைத்து வயலும் குளமும் குடியும் ஒரு நாடாக எவ்வாறு இயங்கின என்பதை அறிய அதற்கு இணையான நூல் இல்லை. கோயில்தான் அங்கே ஊரை ஆக்கியது.

துறை அவ்வூரை என்ன செய்தது என்பது 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது.

1620இல் ஓவே கியெட்டே என்பாரின் தலைமையில் டேனிசுக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கீசரை எதிர்க்கத் துணை கிடைக்கும் என்று எண்ணி அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டான். அவ்வாண்டின் இறுதியிலேயே கியெட்டே தஞ்சை இரகுநாத நாயக்கரோடும் உடன்படிக்கை செய்தார். திருகோணமலையில் அவர்களால் நிலைகொள்ள முடியவில்லை, தரங்கம்பாடி எஞ்சியது. பின்னாளில் தமிழ் அச்சு வரலாற்றில் தரங்கம்பாடி பெற்ற இடத்தை எண்ணும்போது, அந்தக் கப்பல்கள் கொட்டியாரத்திலேயே தங்கிவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்கத் தோன்றும். விடை காண முடியாத கேள்விதான்.

டேனியர் வந்து சென்றது போர்த்துக்கீசரை அச்சுறுத்தியது. வேறொருவர் இத்துறையைக் கொள்ளுமுன் தாம் அடைத்துவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே மலையடியில் கோட்டை எழுப்பினான். கோயிலின் தூண்களும் கற்களும் கடலில் உருண்டன. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. போர்த்துக்கீசர் அங்கே கோட்டை கட்டியது வாணிகம் செய்வதற்காக அன்று, பிறர் செய்யாதிருப்பதற்காக. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு அந்தத் துறையைக் கைப்பற்றிய ஒவ்வொருவரும் இதே நோக்கத்தோடுதான் கைப்பற்றினர். தமக்கு வேண்டும் என்பதைவிட மாற்றானுக்குக் கிடைக்கக்கூடாது என்பதே அவர்களுடைய வேட்கையாக இருந்தது.

1639இல் கண்டி மன்னனின் துணையோடு ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். அதே 1639இல்தான் ஆங்கிலக் கம்பெனியார் சென்னைக் கரையில் மணல்மேட்டுத் துண்டு ஒன்றைப் பெற்றனர். ஒருவர் பெற்றது துறை. மற்றவர் பெற்றது துறையில்லாத கரை. ஆனால் அந்தத் துறையில்லாத கரைக்குப் பின்னால் நெசவாளர் ஊர்கள் இருந்தன, துணி இருந்தது, துபாசிகளும் வணிகர்களும் வந்து குடியேறினர். திருகோணமலைத் துறைக்குப் பின்னால் காடும், பராமரிப்பிழந்த குளங்களும், கண்டி மன்னனின் ஐயப்பார்வையும் இருந்தன. வணிகக் கப்பலுக்கு முதலில் வேண்டுவது சரக்கு. பாதுகாப்பான நீர் அதற்கு அடுத்ததே.

எனினும் சென்னைக் கரைக்குத் திருகோணமலை இன்றியமையாததாயிற்று. காரணம் ஐப்பசி, கார்த்திகை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி வந்து சேரும். கட்டுமரத்தார் கடிதங்களைச் சுமந்து செல்வர். புயல் எழுந்தால் கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். ஓட முடியாதது கரையில் மோதி உடையும். இவ்வாறு நொந்த கப்பலுக்கு மிக அண்மையில் இருந்த புகலிடம் திருகோணமலையே.

இராபர்ட் நாக்ஸ் என்பவரின் கதை இதற்கு நல்ல சான்று. அவருடைய தந்தையார் தலைமை தாங்கிய ஆன் என்னும் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்தது. புதிய பாய்மரம் நிறுத்திக்கொள்ளவும், அதற்கிடையே கொஞ்சம் துணி விற்கவும் கொட்டியாரத்துக்குப் போகுமாறு புனித ஜார்ஜ் கோட்டையார் பணித்தனர். போனவர்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்படுத்தினர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் எழுதி வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதற்பெரும் நூலாக இன்றும் மதிக்கப்படுகிறது. சென்னையின் புயலும் கொட்டியாரத்தின் அமைதியும் சேர்ந்து ஈன்ற நூல் அது.

மயிலைக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி 1672இல் நடந்தது. டி லா ஹே என்னும் தளபதி பெரியதொரு பிரெஞ்சுக் கடற்படையோடு அவ்வாண்டு மார்ச்சில் திருகோணமலையை அடைந்தார். இராசசிங்கன் இடம் கொடுத்தான். ஆனால் உணவு கிடைக்கவில்லை, நோய் பரவியது, வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் படை வந்து வாயிலை நெருக்கியது. சிறந்த துறையில் நங்கூரமிட்டிருந்தும் சோறின்றி வாடிய அந்தப் படை, ஒரு சிறு காவலை விட்டுவிட்டு வடக்கே பாய் விரித்தது. அது வந்து சேர்ந்த இடம் சாந்தோம். 1662 முதல் கோல்கொண்டாவின் ஆட்சியில் இருந்த சாந்தோம் கோட்டையை டி லா ஹே 1672 ஜூலையில் ஒரே வீச்சில் கைப்பற்றினார். பின்னர் தரையில் கோல்கொண்டாப் படையும் கடலில் ஒல்லாந்தர் கப்பல்களும் சூழ, இரண்டாண்டுகள் முற்றுகை நீடித்தது. 1674 செப்டம்பரில் கோட்டை பணிந்தது. அதன் மதில்கள் பிறகு இடிக்கப்பட்டன.

அம்முற்றுகையின் பசியே புதுச்சேரியைத் தந்தது. சாந்தோமுக்கு உணவு தேடிப் பரங்கிப்பேட்டைப் பக்கம் அனுப்பப்பட்ட லெஸ்பினே என்ற இளைஞருக்கு ஷேர்கான் லோடி புதுச்சேரிச் சிற்றூரில் இடம் கொடுத்தார். 1673 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் அங்கே கால் வைத்தனர். திருகோணமலையில் சோறு கிடைத்திருந்தால் டி லா ஹே மயிலைக்கு வந்திருக்க மாட்டார். மயிலைக்கு வராதிருந்தால் லெஸ்பினே தெற்கே போயிருக்க மாட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வரை நீளும் ஒரு சங்கிலியின் முதற்கண்ணி கொட்டியாரக் குடாவில் கிடக்கிறது.

மயிலைக்கும் கோணமலைக்கும் இடையே மற்றோர் ஒப்புமையும் உண்டு. இரண்டும் சம்பந்தர் பாடிய கடற்கரைத் தலங்கள். மயிலைக் கபாலீச்சரம் முன்பு கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கீசர் காலத்தில் அழிந்து இன்றுள்ள இடத்தில் மீண்டும் எழுந்தது என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். மயிலை தன் கோயிலைச் சற்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு தொடர்ந்து வாழ்ந்தது. கோணமலை அவ்வாறு செய்ய இயலவில்லை. அங்கே கோயில் இருந்த மலையே கோட்டையாகிவிட்டது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையே முந்நூற்று நாற்பது ஆண்டுகள்.

18ஆம் நூற்றாண்டின் கடற்போர்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1746 ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுக்காரரோடு பொருத ஆங்கிலத் தளபதி பெய்டன், நொந்த கப்பல்களைச் செப்பனிடத் திருகோணமலைக்குப் போய்விட்டார். காவலற்ற சென்னையை லா பூர்தொனே செப்டம்பரில் பிடித்தார். அவருக்கும் கரை துணை செய்யவில்லை. அக்டோபர் நடுவில் ஒரே இரவில் புயல் அவருடைய கப்பல்களில் பலவற்றை இங்கேயே அழித்தது. 1782இல் ஹியூஸ் என்னும் ஆங்கிலத் தளபதியும் சுஃப்ரன் என்னும் பிரெஞ்சுத் தளபதியும் சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கிக் கரை நெடுகப் பொருதனர். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தனர். ஆகஸ்டு இறுதியில் சுஃப்ரன் அதைப் பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே பெரும்போர் நிகழ்ந்தது. துறையை இழந்த ஹியூஸ் பருவக்காற்றுக்கு அஞ்சி, இந்தியாவைச் சுற்றிப் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. அவ்வக்டோபரில் சென்னைக் கடலில் வீசிய புயலில் அரிசி ஏற்றி வந்த கலங்கள் பல உடைந்தன. ஐதரலியின் படையெடுப்பால் ஊர்ப்புறம் பாழாகி, நகரத்தில் ஏற்கெனவே பஞ்சம் நிலவிய காலம் அது. ஒரு துறை யாரிடம் இருக்கிறது என்பது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கரையின் காவலையே மாற்றியது.

1795இல் சென்னையிலிருந்து சென்ற படை திருகோணமலையை இறுதியாகப் பிடித்தது. 1796 முதல் இரண்டாண்டுகள் இலங்கையின் கரையோரம் சென்னையிலிருந்தே ஆளப்பட்டது. இங்கிருந்து போன வரித்தண்டலாளர்கள் அங்கே கலகம் மூளுமளவுக்குக் கொடுமை செய்தனர் என்பது பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும் சொல்லியாக வேண்டும். 1803இல் கோட்டைக்கு பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலையின் பெயரை வைத்தனர். அக்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் மிதக்கிறது.

ஆங்கிலேயர் கையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் திருகோணமலை ஏன் பட்டினம் ஆகவில்லை? கடற்படைத் தளம் என்பது நகரத்தை விரும்பாத ஒன்று. படைக்கு வேண்டியது மறைவு. வாணிகத்துக்கு வேண்டியது கூட்டம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இருப்புப்பாதையும் சாலையும் கொழும்பை நோக்கி ஓடின. கொழும்பில் இயற்கைத் துறை இல்லை. அலைதடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் செய்தனர். சென்னையிலும் அவ்வாறே. 1861இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டினர். 1876 முதல் கல்லைக் கொட்டிக் கைகள் போல் இரு சுவர்கள் எழுப்பினர். முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அடைத்து, வடகிழக்காகத் திறந்தார். அச்சுவர்களால் மணல் தெற்கே ஒதுங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்தின் கரையைக் கடல் தின்றது. மயிலைவாசிகள் மாலையில் காற்று வாங்கும் மணல்வெளியின் பெரும்பகுதி, இயற்கைத் துறை இல்லாமையால் விளைந்த செயற்கை.

பட்டினம் இல்லாத ஊரிலிருந்து கற்றோர் பட்டினத்தை நாடி வருதல் இயல்பு. திருகோணமலையில் பிறந்த உடன்பிறந்தார் இருவர் சென்னைக்கு வந்து தமிழுக்கு உழைத்தனர். மூத்தவர் தி. த. கனகசுந்தரம் பிள்ளை; 1921இல் தமிழ் நாவலர் சரிதையைப் பதிப்பித்தவர். இளையவர் தி. த. சரவணமுத்துப் பிள்ளை, மாநிலக் கல்லூரியில் சுவடி நூலகப் பணியில் இருந்தவர். பெண்ணின் உரிமை பேசும் தத்தை விடு தூது என்னும் நூலை 1892இலும், நாயக்கர் காலக் கதையான மோகனாங்கியை 1895இலும் வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் மோகனாங்கி என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தூது என்ற பழைய வடிவத்தைப் பெண்விடுதலை பேச எடுத்துக்கொண்ட துணிவு, மோகனாங்கியின் புகழுக்குக் கீழே மறைந்து கிடப்பது வருந்தத்தக்கது. கவிதை எழுதுவோர் அந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.

1942ஆம் ஆண்டு இரு ஊர்களையும் மீண்டும் பிணைத்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் சீனக்குடாவின் காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய எண்ணெய்க் கலன்களை நிறுவியிருந்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரப்போவதை அறிந்து ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவே துறையை விட்டு வெளியேறியது. வெளியேறிய அதனை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டு மூழ்கடித்தனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பருவக்காற்றிலிருந்து காக்கும் துறை வானிலிருந்து காக்காது என்பது அன்று தெளிவாயிற்று. செய்தி சென்னையை எட்டியபோது நகரமே கலைந்தது. அரசு அலுவலகங்கள் இடம்பெயர்ந்தன; மயிலையிலும் தியாகராயநகரிலும் வீடுகள் பூட்டப்பட்டன; மக்கள் ரயிலேறிச் சொந்த ஊர்களுக்குப் போயினர். விலங்குக் காட்சிசாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். நகரத்துக்கு வராத குண்டுக்கு அவ்விலங்குகள் பலியாயின.

1957இல் ஆங்கிலக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. ஆயினும் பிறர் கையில் சேரக்கூடாது என்னும் பழைய அச்சம் தீரவில்லை. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய இலங்கை உடன்பாட்டோடு இணைந்த கடிதங்களில், இந்திய நலனுக்கு ஊறு நேரும் வகையில் எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் திருகோணமலை விடப்படாது என்று எழுதப்பட்டது. எண்ணெய்க் கலன்களில் எஞ்சியவை தொண்ணூற்றொன்பது. 2003இல் அவை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாயின. 2022 ஜனவரியில் புதிய உடன்பாட்டின்படி பதினான்கு அக்கிளைக்கும், இருபத்துநான்கு இலங்கை அரசு நிறுவனத்துக்கும், அறுபத்தொன்று இருவரும் கூட்டாக நடத்தும் நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. முந்நூறு ஆண்டுப் பேராசைக்கு இப்போது எண்கள் கிடைத்திருக்கின்றன.

இந்தப் பங்கீடுகளில் எண்ணப்படாதவர் துறையைச் சுற்றி வாழும் தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும். உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் அவ்வட்டாரம் பட்ட துன்பத்தை ஓர் உரையில் அடக்க இயலாது. ஒன்று மட்டும்: 2006இல் போரால் வெளியேறிய சம்பூர் மக்கள், குடாவின் தென்கரையில் தங்கள் வீடு இருந்த இடத்துக்கு 2015க்குப் பிறகே திரும்பத் தொடங்கினர். அதற்கு முன்னர் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் சிதைத்தது. அதே காலைப்பொழுதில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தின் குடிசைகளையும் அது வாரிச் சென்றது. துறை உள்ள கரை, துறை இல்லாத கரை என்ற வேறுபாட்டை அந்த அலை பார்க்கவில்லை. இரண்டிடத்தும் மாண்டோரில் மிகப் பலர் கடலையே நம்பி வாழ்ந்தவர்கள்.

இன்றும் கோணேசரை வழிபடச் செல்வோர் பிரெடரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே போக வேண்டும். உள்ளே படையினர் முகாம். சாலையோரத்தில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. வாயிலின் நிலைக்கல் பழைய கோயிலுக்கு உரியது. அதில் இணைக்கயல் பொறித்திருக்கிறது. பக்கத்தில் பாதி சிதைந்த தமிழ் எழுத்துகள். பரங்கியர் வருகையை முன்னறிவிக்கும் பாட்டு என்று அவ்வூரார் அதற்குப் பொருள் சொல்வர். கோட்டை கட்டியவர்கள் அக்கல்லைப் படித்துப் பார்த்தா பதித்தார்கள்? கையில் தேங்காயும் பூவுமாக அதனருகே நடந்து ஏறுகிறார்கள் மக்கள். ஏறுகையில் பின்புறம் உட்துறை. முன்புறம் சம்பந்தர் பாடிய கடல்.